தடைக்காலத்தின் முதல் நாள்

கேள்வி:

எனக்கு மண்டபத்தில் ஒரு விசைப்படகு இருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு ஆறு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆறு சிலிண்டர், 120 குதிரைத்திறன் டீசல் எஞ்சின். எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் சுற்றும்; கடல் தண்ணீர் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியாகப் போய் வெளியே விழும். போன வருடம் வரை மடி இழுக்கும்போதுகூட மீட்டர் 80-ஐத் தாண்டியதில்லை. இந்த வருடம் மடி இறக்கி அரை மணி நேரத்தில் 95-க்குப் போய்விடுகிறது. வேகத்தைக் குறைத்தால் இறங்குகிறது. சும்மா ஓடும்போது ஒன்றும் தெரிவதில்லை.

ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றச் சொன்னார். கழற்றினோம், மாற்றமில்லை. இன்னொருவர், தடைக்காலம் முடிகிற கடைசி வாரத்தில் ஆசிட் ஊற்றி எஞ்சினை அரை மணி நேரம் ஓடவிட்டால் உள்ளே பிடித்திருக்கும் பாறை எல்லாம் கழன்றுவிடும் என்கிறார். ஊற்றலாமா? எந்த ஆசிட், எவ்வளவு? கூலன்ட் எல்லாம் குளிர்நாட்டுக்காரர்களுக்கு என்று சொல்லி இங்கே போர்த் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். அது சரிதானா?

— ஒரு விசைப்படகு உரிமையாளர், மண்டபம்

பதில்:

தம்பி,

உங்கள் கடிதம் தடைக்காலத்துக்கு முன்பே வந்து சேர்ந்ததில் எனக்கு நிம்மதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கட்டிக் கிடக்கப்போகிறது. நீங்கள் கேட்கும் வேலைக்கு நான்கு நாள் போதும். அந்த நான்கு நாளை நம்மவர்கள் தடைக்காலத்தின் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. எஞ்சினின் தண்ணீர்ப் பாதை ஓடும்போது எவ்வளவு கெடுகிறதோ, உப்புத் தண்ணீரை வயிற்றில் வைத்துக்கொண்டு சும்மா நிற்கும்போதும் அவ்வளவு கெடுகிறது.

கேட்டதற்கு நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆசிட் ஊற்றி எஞ்சினை ஓடவிடாதீர்கள். கழற்றிய தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள். போர்த் தண்ணீரை இந்த வருடத்தோடு நிறுத்துங்கள். காரணங்களை இனி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

இரண்டு தண்ணீர், இரண்டு நோய்

உங்கள் எஞ்சினில் ஒன்றையொன்று தொடாத இரண்டு தண்ணீர்ப் பாதைகள் இருக்கின்றன. கடல் தண்ணீர் படகின் அடியிலுள்ள வால்வில் நுழைந்து, வடிகட்டி, ரப்பர் இம்பெல்லர் பம்பு, கியர் ஆயில் கூலர் எல்லாவற்றையும் கடந்து, ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மெல்லிய குழாய்களுக்குள் ஓடி வெளியே விழுகிறது. நல்ல தண்ணீர் லைனரையும் ஹெட்டையும் தழுவிக்கொண்டு சுற்றிவந்து, அதே குழாய்களின் வெளிப்புறத்தில் தன் சூட்டை இறக்கிவைத்துவிட்டுத் திரும்புகிறது.

உப்புத் தண்ணீர்ப் பக்கம் அடைவது சுண்ணாம்புப் பாறை, சேறு, கொட்டலசு, உடைந்த இம்பெல்லர் துண்டு ஆகியவற்றால். நல்ல தண்ணீர்ப் பக்கம் அடைவது துருவாலும் போர்த் தண்ணீர்ச் சுண்ணாம்பாலும். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. 'ஆசிட் ஊற்று' என்று சொன்னவரிடம் எந்தப் பக்கத்தில் ஊற்றச் சொல்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

பாறை எப்படிப் பிடிக்கிறது? ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் பெரும்பங்கு சமையல் உப்புதான். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் வரை அதனால் அடைப்பு வராது. தொந்தரவு கொடுப்பவை லிட்டருக்கு 400 மில்லிகிராம் அளவில் இருக்கும் கால்சியமும், சுமார் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும். சர்க்கரை சூடான தண்ணீரில் நன்றாகக் கரையும். கால்சியம் கார்பனேட்டின் குணம் நேர்மாறு. தண்ணீர் சூடாகச் சூடாகக் கரைசலை விட்டு வெளியே வந்து, எது அதிகச் சூடாக இருக்கிறதோ அந்தச் சுவரில் போய் ஒட்டும். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பிடிப்பதும் இதுதான். கடல்நீரையே நேராக பிளாக்குக்குள் ஓட்டும் பழைய எஞ்சின்களை 60 டிகிரிக்குப் பக்கத்தில் நிறுத்தி ஓட்டியதும் இதற்காகத்தான். உங்கள் எஞ்சின் 95-ல் ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் குழாய்ச் சுவர் கூடுதலாகச் சுடுகிறது, கூடுதலாகப் பாறை பிடிக்கிறது, அதனால் இன்னும் சுடுகிறது.

என் பட்டறை மேஜையில் நீளவாக்கில் பிளந்த ஒரு எக்ஸ்சேஞ்சர் குழாய்த் துண்டு கிடக்கிறது. பென்சில் பருமன்தான் இருக்கும். உள்ளே அழுக்கு வெள்ளையில், முட்டை ஓட்டைவிடக் கனமான ஒரு பூச்சு. நகத்தால் சுரண்டினால் வராது. கத்தி முனையை வைத்து நெம்பினால் சில்லாகத் தெறிக்கும். பார்க்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும் இந்தப் பூச்சு ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பிடித்தால், சூடு கடப்பதற்கு அது ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் வார்ப்பிரும்புச் சுவர் அளவுக்குத் தடை. பெருவிரல் அகல இரும்பைக் குழாய்க்குள் சொருகிவைத்து ஓட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிட்டுக்கு முன்னால் தெர்மாமீட்டர்

சூடு ஏறினால் உடனே பாறை என்று முடிவு கட்டக் கூடாது. பாக் நீரிணையில் ஓடும் படகுக்கு முதல் சந்தேகம் வடிகட்டிமேல்தான் வர வேண்டும். மடி கிளப்பிவிடும் கடல்தாழை, சொறி, பிளாஸ்டிக் பை எல்லாம் வந்து வாயை அடைக்கும். கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கடல்நீர்ப் பாதையிலேயே சொறி வந்து அடைத்திருக்கிறது என்றால், நம் உள்ளங்கை அகல வடிகட்டி எம்மாத்திரம்! பிறகு பம்பு பெல்ட், பிறகு இம்பெல்லர். இம்பெல்லரில் ஒரு இறக்கை காணவில்லை என்றால் புதியதை மாட்டியதோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள். காணாமல் போன ரப்பர் எங்கோ உள்ளேதான் இருக்கிறது. பெரும்பாலும் கியர் ஆயில் கூலரின் வாயில் குறுக்கே கிடக்கும். அதை எடுக்காமல் எந்த ஆசிட் ஊற்றியும் பயனில்லை.

இவையெல்லாம் சரியாக இருந்தால், தடைக்காலத்துக்கு முன் கடைசியாகப் போகும் பயணத்தில் ஒரு கணக்கு எடுத்துவாருங்கள். துப்பாக்கி போலிருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நெற்றியில் காய்ச்சல் பார்ப்பது வேண்டாம், எஞ்சின் வேலைக்கு விற்பது வேண்டும். பளபளப்பான உலோகத்தில் அது தவறாகக் காட்டும். ஆகவே அளக்கும் நான்கு இடங்களிலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். எக்ஸ்சேஞ்சருக்குள் கடல்நீர் நுழையும் இடம், வெளிவரும் இடம், நல்ல தண்ணீர் நுழையும் இடம், வெளிவரும் இடம். மடி இழுத்து மீட்டர் ஏறி நின்றபிறகு நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். பெல்ட்டுக்குப் பக்கத்தில் கையும் சட்டையும் பத்திரம்.

கடல்நீர் 30 டிகிரியில் நுழைகிறது என்று வையுங்கள். வெளியே வரும்போது 40-ஐ ஒட்டி இருந்தால் தண்ணீர் வரத்து சரி. வரத்து சரியாக இருந்தும் எஞ்சின் 95-ல் நின்றால் சூடு குழாய்ச் சுவரைக் கடக்க முடியவில்லை, பாறைதான் காரணம். அதுவே கடல்நீர் 50, 55 என்று கொதித்துக்கொண்டு வந்தால் வரத்து போதவில்லை. அடைப்பையோ பம்பையோ பாருங்கள். கடல்நீரில் குறை தெரியாமல், நல்ல தண்ணீர் மிகச் சூடாக நுழைந்து மிகக் குளிர்ந்து வெளியேறினால், அது மெதுவாகச் சுற்றுகிறது. உள்பம்பையோ திறக்காத தெர்மோஸ்டாட்டையோ சந்தேகப்படுங்கள். நான்கு இடத்திலும் சரியான சூடு இருந்து மீட்டர் மட்டும் 95 காட்டினால், மாற்ற வேண்டியது மீட்டரை.

வரத்தை வாளியாலும் அளக்கலாம். டீசல் எரியும் சூட்டில் ஏறக்குறைய கால் பங்குக்குமேல் தண்ணீருக்குள்தான் போகிறது. 120 குதிரைத்திறன் எஞ்சின் முழு இழுவையில் அறுபது கிலோவாட்டுக்குமேல் சூட்டைத் தண்ணீரில் இறக்கும். அறுபது இஸ்திரிப் பெட்டிகளை ஒரே நேரத்தில் தண்ணீரில் முக்கிவைத்ததற்குச் சமம். கடல்நீர் பத்து டிகிரிதான் சூடேறலாம் என்றால் நொடிக்கு ஒன்றரை லிட்டர் வந்தாக வேண்டும். இழுக்கும் வேகத்தில் எஞ்சின் சுற்றும்போது, வெளியே விழும் தண்ணீர் 20 லிட்டர் வாளியை 13 நொடிக்குள் நிரப்ப வேண்டும். 25 நொடி ஆகிறது என்றால் விஷயம் புரிந்துவிட்டது.

எக்ஸ்பான்ஷன் தொட்டியில் விடாமல் குமிழ் வந்தால் ஹெட் காஸ்கெட்டைப் பாருங்கள். கரும்புகையோடு சூடும் சேர்ந்து ஏறினால் புரொப்பல்லரில் வலை சுற்றியிருக்கிறதா, அடிப்பலகையில் கொட்டலசு மண்டியிருக்கிறதா என்று பாருங்கள். பாரம் கூடினாலும் எஞ்சின் சுடும்.

உங்கள் கடிதத்தில் உள்ள அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், சும்மா ஓடும்போது சரியாக இருந்து இழுவையில் மட்டும் மெல்ல ஏறுவது பாறையின் குணம்தான். ஆனாலும் அளந்து பார்த்துவிட்டே கை வையுங்கள்.

தெர்மோஸ்டாட் விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். அதைக் கழற்றினால் எஞ்சின் குளிரும் என்பது பலரின் நம்பிக்கை. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது குறுக்குப் பாதை ஒன்றையும் மூடும். அதைக் கழற்றிவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு எக்ஸ்சேஞ்சருக்குப் போகாமலே குறுக்கே திரும்பிவிடும். இழுவையில் சூடு கூடத்தான் செய்யும். பாரமில்லாமல் ஓடும்போதோ எஞ்சின் தேவையான சூட்டுக்கே வராது. எண்ணெயில் கசடு சேரும், டீசல் வீணாகும். பழையதைச் சோதிக்க, தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டுச் சூடேற்றுங்கள். அதன்மேல் அச்சடித்திருக்கும் டிகிரியில் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்காவிட்டால் புதியது போடுங்கள்.

உப்புத் தண்ணீர்ப் பக்கம்: முதலில் கை, பிறகுதான் ஆசிட்

எக்ஸ்சேஞ்சரின் இரு முனை மூடிகளையும் கழற்றுங்கள். ரப்பர் வளையங்களுக்குப் புதியது வாங்கி வைத்துக்கொண்டே கழற்றுங்கள். குழாய்க் கட்டைப் பார்த்தால் பாதி நோய் கண்ணுக்கே தெரியும். ஓடு, ரப்பர், தாழைத் தும்பு எல்லாவற்றையும் கையால் எடுங்கள். பிறகு குழாயின் உள்விட்டத்துக்குச் சற்றுச் சிறிய மரக்குச்சியை ஒவ்வொரு குழாயாக விட்டுத் தள்ளுங்கள். இரும்புக் கம்பி கூடவே கூடாது. செம்பு-நிக்கல் குழாயின் உள்ளே தானாகப் படர்ந்திருக்கும் மெல்லிய ஆக்சைடு தோல்தான் அதைக் கடல்நீரிடமிருந்து காக்கிறது. கம்பியால் அதைக் கீறினால், அரிப்பு அந்தக் கீறலில்தான் வேர் பிடிக்கும். குச்சி விட்ட பின், தண்ணீர் வழக்கமாக ஓடும் திசைக்கு எதிர்த் திசையில் பீய்ச்சி அலசுங்கள். ஈரம் காயாமல் இருக்கும்போதே இதைச் செய்தால் சேறும் இளம்பாறையும் இதிலேயே போய்விடும்.

மிச்சமிருக்கும் கெட்டிப் பாறைக்குத்தான் ஆசிட். எந்த ஆசிட்? கடையில் மலிவாகக் கிடைக்கும் முரியாட்டிக் ஆசிட், அதாவது ஹைட்ரோகுளோரிக் அமிலம், பாறையை வேகமாகத் தின்னும். பாறை தீர்ந்ததும் உலோகத்தைத் தின்னத் தொடங்கும். அலுமினியத்தையும் ஈயப் பற்றையும் அரிக்கும். பித்தளையில் துத்தநாகத்தை மட்டும் உருவி எடுத்து, செம்பை நுரை போல இளஞ்சிவப்பாக விட்டுவைக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஊசித்துளை போடும்.

அப்படி ஒரு கியர் ஆயில் கூலரை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். யாரோ ஆசிட்டை ஊற்றி ஒரு இரவு முழுக்க ஊறவைத்திருந்தார்கள். காலையில் குழாய்கள் புதுக்காசு போல மின்னின, எல்லோருக்கும் சந்தோஷம். மூன்றாவது பயணத்தில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் படகுக்குப் பின்னால் எண்ணெய்ப் படலம் மிதந்தது. யாரும் பொருட்படுத்தவில்லை. இரவு நங்கூரம் போட்டு எஞ்சினை நிறுத்தியதும் எண்ணெயின் அழுத்தம் போய்விட்டது. அதே ஓட்டை வழியாகக் கடல்நீர் உள்ளே வந்தது. காலையில் கியர் பாக்ஸ் குச்சியை உருவினால் எண்ணெய் பால் விட்ட டீ நிறத்தில் இருந்தது. அந்தப் படகை இன்னொரு படகு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து நான் முரியாட்டிக்கைப் படகில் ஏற்றுவதில்லை.

நான் பயன்படுத்துவது சல்ஃபாமிக் ஆசிட் தூள். இருபது லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஒரு கிலோ, அதாவது 5 சதவீதம். உலோகத்தின்மேல் அதற்குக் கோபம் குறைவு. கரைந்த சுண்ணாம்பு திரும்பப் படியாமல் தண்ணீரோடு வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாக வேலை செய்யும். 55 டிகிரிக்குமேல் சூடேற்றக் கூடாது, அதன் குணம் மாறிவிடும். மளிகைக் கடை எலுமிச்சை உப்பும், அதாவது சிட்ரிக் அமிலமும் வேலை செய்யும்தான். ஆனால் பாறை அதிகமாக இருந்தால் கால்சியம் சிட்ரேட் என்ற வெண்கசடாக மாறி அங்கேயே தங்கிவிடும். அதை நல்ல தண்ணீர்ப் பக்கத்துத் துருவுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

ஆசிட் ஏறும் பாதையில் இருக்கும் ஜிங்க் கட்டிகளை முதலில் கழற்றுங்கள். விட்டுவைத்தால் ஆசிட் அவற்றைத்தான் முதலில் தின்னும், ஹைட்ரஜன் வாயுவையும் கிளப்பும். இம்பெல்லரைக் கழற்றுங்கள். அலுமினிய உறுப்புகளை இந்தச் சுற்றிலிருந்து பிரித்துவிடுங்கள். எக்ஸ்சேஞ்சரைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவர முடிந்தால் அதுவே மேல். கழற்ற முடியாதென்றால், பிளாஸ்டிக் வாளியில் கரைசல், அதில் ஒரு பழைய 12 வோல்ட் பில்ஜ் பம்பு, அதிலிருந்து குழாய்க் கட்டின் கீழ்வாய்க்கு ஒரு ஓஸ், மேல்வாயிலிருந்து வாளிக்குத் திரும்ப ஒரு ஓஸ். கீழிருந்து மேலாக ஓடினால்தான் உண்டாகும் வாயு தங்காமல் வெளியேறும். எஞ்சின் அணைந்தே இருக்க வேண்டும். ஆசிட்டை எஞ்சினே உறிஞ்சி ஓடினால் அது எங்கெங்கே போகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது உங்கள் கையில் இல்லை.

சுற்றத் தொடங்கியதும் திரும்பி வரும் ஓஸின் வாயில் காது வையுங்கள். சோடா பாட்டில் திறந்ததுபோல ஒரு இரைச்சல். வாளியின்மேல் நுரை கட்டும், தண்ணீர் கலங்கும். சுண்ணாம்பு கரைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. இரைச்சல் அடங்கினால் பாறை தீர்ந்துவிட்டது என்று பொருளில்லை; ஆசிட் தீர்ந்திருக்கலாம். பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள். 4-க்குமேல் காட்டினால் ஆசிட் செத்துவிட்டது, புதுக் கரைசல் மாற்றுங்கள். 2-க்குக் கீழேயே இருபது நிமிடம் ஆடாமல் நின்று, குமிழும் இல்லையென்றால் வேலை முடிந்தது. பொதுவாக இரண்டு மணி நேரத்துக்குமேல் தேவைப்படாது. கரைசல் அழுத்தமான நீலப்பச்சையாக மாறினால் செம்பு கரைகிறது என்று அர்த்தம். அந்த நிமிடமே நிறுத்துங்கள்.

ஆசிட்டை வடித்ததும் நல்ல தண்ணீரால் அலசி, லிட்டருக்கு 20 கிராம் சமையல் சோடா கரைத்த தண்ணீரைக் கால் மணி நேரம் சுற்றவிடுங்கள். பிறகு பி.எச். 7-க்கு வரும்வரை நல்ல தண்ணீர்.

அடுத்தது, பலர் தாண்டிப்போய்விடும் வேலை. பாறை சில நேரம் ஓட்டையை அடைத்துக்கொண்டும் இருந்திருக்கும். சுத்தம் செய்த எக்ஸ்சேஞ்சரையும் ஆயில் கூலரையும் ஒரு பக்கம் அடைத்து, ஒரு பார் அளவுக்குமேல் போகாமல் காற்று ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பாருங்கள். ஒரே ஒரு குமிழ் வந்தாலும் அது படகில் ஏறக் கூடாது.

உயிர் விஷயத்திலும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் இறங்காதீர்கள். தண்ணீரில்தான் ஆசிட்டைப் போட வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. எஞ்சின் அறைக்குள் செய்தால் மூடியைத் திறந்து காற்றாடி வையுங்கள். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது, பில்ஜில் போய்த் தங்கும். குனிந்து வேலை செய்பவருக்கு மயக்கம் வரும். தனியாகச் செய்யாதீர்கள். பிளீச்சிங் பவுடர் பட்ட இடத்தில் ஆசிட் பட்டால் குளோரின் நச்சு வாயு வரும். கண்ணில் தெறித்தால் பதினைந்து நிமிடம் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவமனைக்குப் போங்கள்.

வடித்த கரைசலைக் கடலில் கொட்டாதீர்கள். அதில் கரைந்த செம்பு இருக்கிறது. மண்டபத்துக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை வாழ்கிறது; மீன் குஞ்சு பொரித்து வளர்வது அங்கேதான். நாம் 61 நாள் கரையில் உட்கார்ந்திருப்பதே அந்தக் குஞ்சுகளுக்காக. சோடா போட்டு ஆசிட்டைக் கொன்று, டிரம்மில் தெளியவிட்டு, கசடைக் கரையிலேயே பட்டறைக் கழிவோடு ஒப்படையுங்கள்.

நல்ல தண்ணீர்ப் பக்கம்

எஞ்சின் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு வடியுங்கள். சூடாக இருக்கும்போது பிரஷர் மூடியைத் தொடாதீர்கள். 0.5 பார் மூடிக்குக் கீழே தண்ணீர் 111 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திறந்த நொடியில் முழுவதும் கொதித்து முகத்தில் அடிக்கும்.

பிளாக்கின் அடியில் உள்ள வடிகால் பிளக்கைத் திறந்தும் தண்ணீர் வரவில்லை என்றால் உள்ளே துருச்சேறு அடைத்திருக்கிறது. கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். தண்ணீர் ஓட்டம் மெதுவாக இருக்கும் கடைசி சிலிண்டரைச் சுற்றித்தான் இந்தச் சேறு உட்காரும். மேலே மீட்டர் 85 காட்டும்போது அந்த லைனரின் அடி மட்டும் தனியாக வெந்துகொண்டிருக்கும். அதனால் ஓஸை வைத்துப் பின்பக்கத்திலிருந்து முன்னோக்கி, தெளிவாக வரும்வரை அலசுங்கள்.

துரு கெட்டியாக இருந்தால் மட்டும் 3 சதவீத சிட்ரிக் கரைசல், அதாவது 20 லிட்டருக்கு 600 கிராம். எஞ்சினைச் சுற்றவிட்டுச் சுத்தம் செய்ய இந்தப் பக்கத்தில் மட்டும்தான் இடமுண்டு. அதுவும் உங்கள் எஞ்சின் கையேடு சிட்ரிக் வகை கிளீனரை அனுமதித்தால், பாரமில்லாமல், ஒரு மணி நேரத்துக்குள். ஹெட் அலுமினியம் என்றால் கையேட்டில் சொன்ன கிளீனரைத் தவிர வேறெதுவும் வேண்டாம். முடிந்ததும் சோடாத் தண்ணீர் ஒருமுறை, நல்ல தண்ணீர் மூன்று முறை. பிளாக்கின் பக்கவாட்டில் அடித்திருக்கும் வட்டத் தகடுகளைப் பாருங்கள். துருவே தாங்கிக்கொண்டிருந்த தகடு, துரு போனதும் கசியும். கரையிலேயே கசியட்டும், மாற்றிவிடலாம்.

இனி கூலன்ட். குளிர்நாட்டில் உறையாமல் இருப்பதற்கு மட்டும்தான் அது என்றால் மண்டபத்தில் நமக்குத் தேவையே இல்லை. நமக்கு வேண்டியது அதிலுள்ள துருத் தடுப்பு மருந்து. லைனர் ஒவ்வொரு வெடிப்புக்கும் மணி போல அதிரும். அந்த அதிர்வில் அதன் வெளிச்சுவரை ஒட்டி நுண்ணிய நீராவிக் குமிழ்கள் தோன்றி உடையும். உடையும் ஒவ்வொரு குமிழும் ஒரு உளி கொத்து. வருடக்கணக்கில் கொத்தினால் லைனரில் குண்டூசித் துளை விழுந்து, தண்ணீர் எண்ணெயில் இறங்கும். கூலன்டில் உள்ள மருந்து லைனர்மேல் ஒரு தோல் படரவிட்டு அந்தக் கொத்தைத் தாங்குகிறது. போர்த் தண்ணீரில் அந்த மருந்தும் கிடையாது, கடலோரத்துச் சுண்ணாம்பும் உப்பும் வேறு சேர்ந்து வரும். எஞ்சின் கையேட்டில் சொன்ன வகைக் கூலன்டை, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் சொன்ன விகிதத்தில் கலந்து ஊற்றுங்கள். இரண்டு வகைகளைக் கலக்காதீர்கள். வடித்த பழைய கூலன்டைத் திறந்து வைக்காதீர்கள். இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் செத்துப்போகும்.

முதல் நாள்

ஜூன் மாதம் ஏன் தாமதம் என்று சொல்கிறேன். ஏப்ரல் 14 இரவு எஞ்சினை நிறுத்தும்போது கூலர் குழாய்களுக்குள் கடல்நீர் நிற்கிறது. அதில் உயிர்கள் இருக்கின்றன. ஓட்டம் நின்றதும் அவை செத்து அழுகும். அழுகும்போது உண்டாகும் சல்ஃபைடு செம்பு-நிக்கல் குழாயின் அந்தக் காப்புத் தோலை அழிக்கும். தடைக்காலம் முடிந்து மூடியைத் திறக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறதே, அது இதுதான். தண்ணீர் வற்றிய இடத்திலோ உப்பும் சேறும் காய்ந்து, ஏப்ரலில் மரக்குச்சிக்கு வந்திருக்க வேண்டியது ஜூனில் ஆசிட்டுக்கும் அசையாத கல்லாகிவிடும்.

ஆகவே 15-ஆம் தேதி காலை, மடியை இறக்கி உலர்த்துவதற்கு முன்னால், 200 லிட்டர் டிரம் ஒன்றில் நல்ல தண்ணீரை நிரப்பிப் படகில் ஏற்றுங்கள். நம் பக்கத்தில் தண்ணீர் விலைக்கு வாங்குவது என்று எனக்குத் தெரியும். இதற்குப் போர்த் தண்ணீரே போதும். கடலோடு ஒப்பிட்டால் அது இளநீர். கடல் வால்வை மூடி, பம்பு உறிஞ்சும் ஓஸை டிரம்முக்குள் விட்டு, எஞ்சினை மெதுவான ஓட்டத்தில் விடுங்கள். ஏழெட்டு நிமிடம் ஓடும். ஒருவர் டிரம்மை விட்டு அகலக் கூடாது. தண்ணீர் தீர்வதற்குள் நிறுத்திவிட வேண்டும். உலர்ந்து சுற்றினால் இம்பெல்லர் சிறிது நேரத்திலேயே கருகிவிடும். பிறகு எல்லா வடிகாலையும் திறந்துவிட்டு, இம்பெல்லரைக் கழற்றி நிழலில் வையுங்கள். இரண்டு மாதம் மடங்கியே கிடந்தால் இறக்கை நிமிராது. திரும்ப மாட்டும்போது கிளிசரின் தடவுங்கள், கிரீஸ் வேண்டாம். ஜிங்க் கட்டி பாதி தேய்ந்திருந்தால் புதியது.

அடுத்த மூன்று நாளில் மேலே சொன்னவற்றை முடித்துவிடலாம். வருடா வருடம் முதல் நாள் அலசலும் மரக்குச்சியும் நடந்தால், ஆசிட்டின் தேவை அபூர்வமாகத்தான் வரும். உங்கள் எண்களை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: நான்கு இடத்துச் சூடு, வாளி நிரம்பிய நொடிகள், தேதி. ஜூன் 15 அன்று முதல் மடி இறக்கி அரை மணி நேரம் கழித்து அதே நான்கு இடத்தையும் மறுபடி அளந்து பாருங்கள். அந்த எண்களை எனக்கும் எழுதி அனுப்புங்கள், தம்பி. காத்திருப்பேன்.